தாமதமாக வந்த மஞ்சள்

சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துப் போட்டிருந்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் முழுக்க மறியல் நடந்த எண்பத்தேழாம் வருஷத்துச் செப்டம்பர் அது. தியாகதுருகத்தில் பஸ் நின்றது, லாரி நின்றது, பேப்பர் வருவதும் நின்றது. நிற்காமல் ஓடியது பஷீர் அகமதுவின் ஐஸ் கம்பெனி ஒன்றுதான். மறியலுக்கு உட்கார்ந்தவர்களுக்கும் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் வெயில் ஒன்றுபோலத்தான் அடித்தது. ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவர்கள் போன சுருக்கில் காலிப் பெட்டியோடு திரும்பி வந்தார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம், கம்பெனி வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள், கணுக்கால் வரை சேறு. ஒரு தகரப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்திருந்தாள்.

"கொஞ்சம் ஐஸ் கிடைக்குங்களா?"

"குச்சி ஐஸா, சேமியா ஐஸா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் ஆசியா பீவி. பஷீரின் மனைவி. அச்சில் பால் ஊற்றுவதும் குச்சி நட்டுவைப்பதும் அவள் வேலை.

"எனக்கு இல்லைங்க. பாட்டிலுக்கு."

ஆசியா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பாட்டிலுக்கு ஐஸ் கேட்டு வந்த ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை. பெட்டியைத் திறந்து காட்டியதும்தான் விஷயம் புரிந்தது. உள்ளே மூடிக்குக் காகிதத் தொப்பி கட்டிய சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர். வெறும் தண்ணீர். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு ஊர்ப் பேர் தொங்கியது. கரியாலூர், சேராப்பட்டு, இன்னும் ஆசியா கேள்விப்படாத மலைக் கிராமங்கள்.

பேர் ஜெயசுதா. கடலூரில் குடிநீரைச் சோதித்துப் பார்க்கும் கூடத்தில் வேலை. கல்வராயன் மலையில் ஜனங்கள் குடிக்கிற சுனைகளிலும் ஊற்றுகளிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். கள்ளக்குறிச்சி தாண்டி வந்த ஜீப் வெட்டிப்போட்ட மரத்தின் முன்னால் நின்றுவிட்டது. டிரைவரை ஜீப்போடு விட்டுவிட்டு, மறியல்காரர்களிடம் சொல்லி மரத்தைத் தாண்டி நடந்தே வந்துவிட்டாள்.

"எத்தினியோ பேரு சோறு கேட்டு வந்தாங்க. நீங்க தண்ணிக்கு ஐஸு கேக்கறீங்களே!" என்று பஷீர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு கூடை ஐஸை உடைத்துப் பெட்டியில் கொட்டினார். ராத்திரி தங்குவதற்கும் இடம் கொடுத்தார். ஆசியா தன் பாயை அவளுக்கு விரித்துப் போட்டாள். தண்ணீரைப் பார்ப்பதற்கென்றே ஒருத்தர் படித்து, அதற்கென்றே மலையேறி இறங்குகிறார் என்பது அவளுக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் பொழுது ஏறியும் பாதை திறக்கவில்லை. ஜெயசுதா பின்வாசலில் உட்கார்ந்து, பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து வாழைமரத்தடியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசியா பதறிப்போய் ஓடிவந்தாள். "அக்கா, இன்னா பண்றீங்க? மலையேறிப் பிடிச்ச தண்ணியாச்சே!"

"ஆமா."

"ஐஸ்லதானே வச்சிருந்தோம்? கெட்டா போயிடுச்சி?"

"ஐஸு கொஞ்ச நேரந்தான் தாங்கும் ஆசியா. ஒரு நாளுக்குள்ள லேப்புக்குப் போயிடணும். அதுக்கு மேல ஆனா உள்ள இருக்கற கிருமி பெருகியும் போயிருக்கும், செத்தும் போயிருக்கும். நான் பார்க்கறது அந்த ஊத்தோட தண்ணியா இருக்காது. இந்தப் பாட்டிலோட தண்ணியா இருக்கும்."

"அது யாருக்குத் தெரியப் போவுது?"

"குடிக்கறவங்களுக்குத் தெரியாது. அதனாலதான் கொட்டறேன். பாதை திறந்ததும் மறுபடி ஏறிப் பிடிச்சிக்கலாம்."

சொல்லிவிட்டுச் சேராப்பட்டு பாட்டிலைக் கவிழ்த்தாள். முகத்தில் வருத்தம் இருந்தது. கை நிற்கவில்லை. நேற்று விற்காமல் மிஞ்சிய ஐஸை உருக்கி இன்றைக்கு மறுபடி அச்சில் ஊற்றுகிற கம்பெனியின் மருமகள் ஆசியா. வாழைமரத்தடியில் ஊறி மறையும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யாரும் பார்க்காத ஒரு தப்பைச் செய்யாமல் இருப்பதற்கு ஒருத்தி இவ்வளவு தூரம் மறுபடி மலையேறத் தயாராக இருக்கிறாள். இது எந்த மாதிரி வீட்டில் வளர்ந்த பெண்ணோ என்று நினைத்தாள்.

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது.

"ஏ பாயி! வெளிய வாய்யா! உள்ள பூந்துக்கினா வுட்டுருவேனா?"

மேட்டுத் தெரு பச்சையம்மாள். இடுப்பில் முந்தானையை இறுக்கிக் கட்டியிருந்தாள். பின்னால் நாலைந்து பெண்கள்.

"எம்புள்ள செழியன் நேத்துலருந்து வயித்தால போய்க்கினே கெடக்கறான். கண்ணு உள்ள போயிடுச்சி. எங்க தெருவுல இன்னும் நாலு புள்ளைங்க. எல்லாம் உன் ஐஸத் தின்ன புள்ளைங்கதான். இன்னாய்யா கலந்து வச்சிருக்க அதுல?"

"பாலும் சக்கரையும் தண்ணியும்மா. வேற இன்னா கலக்கப் போறேன்?" என்றார் பஷீர். "தண்ணி டேங்குத் தண்ணி. நீ குடிக்கறியே, அதே தண்ணி. நம்பலன்னா அம்மாசியக் கேளு."

அம்மாசி ஊருக்குத் தண்ணீர் விடுகிறவர். மேல்நிலைத் தொட்டி, மோட்டார், பிளீச்சிங் பவுடர் எல்லாம் அவர் பொறுப்பு. ஆள் அனுப்பியதும் தன் குளோரின் சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே ஒரு கண்ணாடிக் குழாயில் மஞ்சள் நிறத் தண்ணீர்.

"பாத்துக்க பச்சையம்மா. காத்தால எடுத்தது. இந்தச் சொட்டு மருந்து போட்டா மஞ்சளு வரணும். மஞ்சளு வந்தா குளோரின் இருக்குது, குளோரின் இருந்தா பூச்சி இல்ல. தண்ணி தங்கமாட்டம் இருக்குது."

"கேட்டுக்கினியா?" என்று பஷீர் நிமிர்ந்தார்.

பச்சையம்மாள் குழாயைப் பார்த்தாள். பஷீரைப் பார்த்தாள். "கேட்டுக்கினேன். தண்ணி தங்கம்னா அப்ப கெட்டது உன் ஐஸுதானே? உன் வாயாலயே சொல்லிட்டியே!"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். தண்ணீர் நல்லது என்று நிரூபிக்க நிரூபிக்க ஐஸ்தான் குற்றவாளி ஆகும் என்பது பஷீருக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. மூன்று தலைமுறையாகத் தியாகதுருகத்தில் வியாபாரம் செய்த குடும்பம். தராசுத் தட்டில் விரல் வைத்தார்கள் என்று ஒருவர் சொன்னதில்லை. இப்போது மேட்டுத் தெருவிலிருந்து கடைத்தெரு வரை பிள்ளைகளுக்குப் பேதி கொடுத்தவன் என்று பேராகிவிடும்.

ஜெயசுதா அதுவரை குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அம்மாசியிடம், "இதே சோதனைய எனக்கு ஒருவாட்டி செஞ்சு காட்டறீங்களா? இங்க வேணாம். நீங்க எப்பவும் செய்யற எடத்துல," என்றாள்.

அம்மாசிக்கு அதில் பெருமைதான். எல்லோரையும் டேங்கடிக்கு அழைத்துப் போனார். டேங்குக் குழாயைத் திறந்து கொஞ்சம் ஓடவிட்டு, கண்ணாடிக் குழாயில் கோடு வரை தண்ணீர் பிடித்தார். மருந்தைச் சொட்டினார், மூடினார், இரும்பு ஏணியின் கடைசிப் படியில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்கம்மா, ஒரு டீ குடிச்சிட்டு வந்தா மஞ்சளாயிடும்."

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்பிடித்தாம்மா. மருந்து, அப்பறம் டீ, அப்பறம் மஞ்சளு. இத்தினி வருசமா ஒரு நாளு மாத்துனதில்ல."

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

அம்மாசி எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனார். ஜெயசுதா ஏணிப்படிக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஆசியாவும் உட்கார்ந்தாள். குழாயில் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஆசியா முதலில் குழாயைத்தான் பார்த்தாள். பிறகு பார்க்கிறவளைப் பார்க்க ஆரம்பித்தாள். தூளியில் தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிறதா என்று குனிந்து கவனிப்பார்களே, அப்படி ஒரு பார்வை. மறியலில் யாரோ கோஷம் போடுவது காற்றில் வந்து போனது. ஒரு கோழி இருவருக்கும் நடுவில் புகுந்து நடந்தது. ஜெயசுதா இமைக்கவில்லை.

வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தண்ணீரின் அடியில், பழைய வெள்ளைச் சட்டையில் ஏறுமே ஒரு பழுப்பு, அதுபோல ஏதோ தோன்றியது. அது மெல்ல மேலே ஏறியது. டீ குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாசி வந்தபோது குழாய் நல்ல மஞ்சளாக இருந்தது.

"பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன். அது வந்த விதத்தையும் பாத்தேன். குளோரின் இருந்தா மருந்து விழுந்த உடனே மஞ்சள் வந்துடணும் அம்மாசி. இது நின்னு நிதானமா வருது."

"மஞ்சளு மஞ்சளுதானேம்மா. ஓடி வந்தா இன்னா, நடந்து வந்தா இன்னா?"

பெண்கள் மறுபடி சிரித்தார்கள். ஆசியாவுக்கும் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ஜெயசுதா கோபித்துக்கொள்ளவில்லை.

"கேக்க வேண்டிய கேள்விதான். எனக்கும் இன்னும் உறுதியாத் தெரியல," என்றாள். டேங்கடி அறையில் இருந்த பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் திறக்கச் சொன்னாள். மூக்கருகில் ஒரு பிடி எடுத்து முகர்ந்துவிட்டு ஆசியாவிடமும் நீட்டினாள். நல்ல பவுடர் என்றால் மூக்கைப் பிய்க்கும், கண்ணில் தண்ணீர் வரும். இதில் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு வாசனைதான் வந்தது.

"எப்ப பிரிச்ச மூட்டை?"

"அது ஆச்சும்மா கொஞ்ச நாளு. புது மூட்டை வர வேண்டிய லாரி உளுந்தூர்பேட்டையாண்ட நின்னுபோச்சி. மழை வேற. ஆனா நானு கம்மியாப் போடலம்மா. சந்தேகத்துக்கு ஜாஸ்தியாவே போட்டேன், எம்புள்ள மேல சத்தியமா."

"தெரியுது. நீங்க போட்டிருக்கீங்க. மூட்டைக்குள்ளதான் ஒண்ணும் இல்ல." ஜெயசுதா திரும்பினாள். "ஆசியா, உன் அடுப்பு வேணும்."

ஆசியாவின் சமையல்கட்டு அதுவரை அத்தனை பேரைப் பார்த்ததில்லை. பஷீர் கதவோரம் நின்றார். அம்மாசி உள்ளே வரக் கூச்சப்பட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றார். மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்த பச்சையம்மாள் நிலைப்படியில் உட்கார்ந்து, "சமைச்சிப் பாத்தா தண்ணி பேசுமா?" என்று முனகினாள்.

ஜெயசுதா டேங்குத் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"கொதிக்க வச்சா குளோரின் பறந்துடும். நல்லாக் கொதிச்சப்பறம் ஆற வச்சு மருந்து போடறேன். மஞ்சள் வரலன்னா அது குளோரின்தான். நான் நெனச்சது தப்பு, அம்மாசி சொன்னது சரி. அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன். அப்பவும் மஞ்சள் வந்துச்சின்னா, அது வேற ஏதோ."

ஆசியா அடுப்பைத் தூண்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ அதிகாரிகள் ஊருக்கு வந்து போயிருக்கிறார்கள். நான் தப்பாக இருந்தால் அது இப்படித்தான் தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிக்கிற அதிகாரியை அவள் கண்டதில்லை. தன் தலையைத் தானே தராசில் வைக்கிற மாதிரி இருந்தது.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஆற வைக்க ஐஸ் கம்பெனியில் இடமா இல்லை? குழாயில் ஊற்றி, அச்சுகள் மிதக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் பிடித்ததும் ஆறிவிட்டது. அடுப்படிக்குத் திரும்பி வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு மருந்தைச் சொட்டினாள்.

பச்சையம்மாள்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

மஞ்சள் வந்தது. காலையில் வந்த அதே மஞ்சள். அவசரமில்லாமல், அடியிலிருந்து மேலே.

ஜன்னலுக்கு வெளியே அம்மாசியின் முகம் சாம்பலாகிவிட்டது. "அப்ப... நானு இந்த வாரம் பூரா காட்டுன மஞ்சளு பொய்யா?"

"நீங்க பொய் சொல்லல. மருந்து குளோரினுக்கும் மஞ்சள் காட்டும், இன்னும் ரெண்டு மூணு பொருளுக்கும் காட்டும். அதுல ஒண்ணுக்கு நைட்ரைட்னு பேரு. சாணி, மூத்திரம் ஊறின தண்ணியில வரும். கொதிக்க வச்சாலும் போகாது, கைக்குழந்தைக்கு ஆகாது. டேங்குக்கு எங்கருந்து தண்ணி ஏத்தறீங்க?"

"ஏரிக்கரைக் கிணறும்மா," என்று சொல்லும்போதே அம்மாசி நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ! ரோடு அடைச்சதுலருந்து சந்தைக்குப் போவ முடியாத மாடெல்லாம் கிணத்து மேட்டுலதான் கட்டிக் கெடக்குது! முந்தாநேத்து மழையில அம்புட்டும் வழிஞ்சி..."

அதைக் கேட்டதும் பச்சையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "எம்மாடி! இந்தத் தண்ணியிலதானே உப்பும் சக்கரையும் கரைச்சிப் புள்ளைக்கு ஊத்திக்கினு இருக்கேன்!"

உப்பு, சர்க்கரை கரைத்துக் கொடுப்பது சரிதான் என்றும், கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும் என்றும் ஜெயசுதா சொன்னாள். ஆசியா பாத்திரத்தில் மிச்சமிருந்த வெந்நீரைத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தாள். பச்சையம்மாள் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

பஷீருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்! எம்மேல பழி இல்ல. மேடம், நீங்களே தெருவுல நின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. தண்ணிதான் கெட்டது, பாய் ஐஸு நல்ல ஐஸுன்னு."

"அப்படிச் சொல்ல முடியாதுங்க."

"ஏன்?"

"ஐஸும் அதே தண்ணிதானே?"

பஷீர் சிரித்தார். "அது தண்ணி, இது ஐஸு மேடம். அந்தக் குளுருல பூச்சி செத்துடாதா?"

"சாவாதுங்க. பாதிக்கு மேல தூங்கும். வயித்துக்குள்ள போனதும் முழிச்சிக்கும்."

பஷீரின் சிரிப்பு நின்றது. வாசலில் அடுத்த நடைக்கு ஐஸ் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு சைக்கிள்காரர்கள் மணி அடித்தார்கள். அவர் வாசலைப் பார்த்தார், ஜெயசுதாவைப் பார்த்தார். குரல் தடித்தது.

"ராத்திரி எங்க வூட்டுச் சோத்தத் தின்னுட்டு..."

"இன்னாங்க!" என்று ஆசியா அதட்டினாள். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

ஜெயசுதா அமைதியாகச் சொன்னாள். "தின்னேன் பாய். ருசியாவும் இருந்துச்சு. அதுக்காக அந்தக் குழாய் வெள்ளையாகாதுங்களே. தண்ணியப் பத்தி இப்பவே போய்ச் சொல்லப்போறேன், ஐஸப் பத்தியும் சேத்துத்தான். ஆனா நான் வெளியூர்க்காரி. யாரோ ஒருத்தி சொன்னான்னு பாதிப் பேரு விட்டுடுவாங்க. நீங்க சொன்னா அத்தனை பேரும் கேப்பாங்க."

பஷீர் கவிழ்த்து வைத்திருந்த பால் கேன் மேல் போய் உட்கார்ந்தார்.

ஆசியா அவரைத் தாண்டி உள்ளே போனாள். மோட்டாரை நிறுத்தினாள். கம்பெனி திடீரென்று மௌனமானது. அந்த மௌனத்தில் தொட்டியிலிருந்து முதல் வரிசை அச்சைத் தூக்கி, சாக்கடையை நோக்கிக் கவிழ்த்துத் தட்டினாள். சிவப்பும் ஆரஞ்சுமாக ஐஸ்கள் சரிந்து விழுந்தன.

"ஏய், இன்னா பண்றே? புத்தி கெட்டுப்போச்சா?"

"புத்தி இப்பத்தான் வந்திருக்குது. காத்தால அவங்க பாட்டிலு பாட்டிலாக் கொட்டனாங்க. கொட்டச் சொல்லி ஒருத்தரும் நிக்கல."

"ஊரு இன்னா சொல்லும் தெரியுமா ஆசியா? பேதி ஐஸுன்னு சொல்லும். எங்க அத்தா கட்டுன பேரு. ஒருவாட்டி போச்சின்னா நாளைக்கு எவன் வாங்குவான்?"

"சொன்னா பேரு போவும். சொல்லாம இருந்து மேட்டுத் தெருவுல ஒரு புள்ள போச்சின்னா, அந்தப் பேர எங்க வச்சிக்கினு கும்புடுவீங்க?"

இரண்டாவது வரிசையைத் தூக்கினாள். கை குளிரில் விறைத்தது. பஷீர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தொப்பியைத் தேடி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். எங்கே என்று சொல்லவில்லை. சைக்கிள்காரர்களைப் பார்த்து, "பெட்டிய எறக்குங்கடா," என்று மட்டும் சொன்னது கேட்டது.

சற்று நேரத்தில் பள்ளிவாசல் மைக் கொரகொரவென்று உயிர் பிடித்தது. ஆசியா அச்சைப் பிடித்தபடியே நின்றாள். முழுசாகச் சொல்வாரா, பாதியோடு இறங்கிவிடுவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆறு வருஷம் கூட வாழ்ந்த மனிதர். ஆனாலும் தெரியவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாருக்கும் வணக்கம். ஐஸ் கம்பெனி பஷீர் பேசறேன். டேங்குத் தண்ணி கெட்டிருக்குது. கடலூர்லருந்து வந்த மேடம் சோதிச்சிப் பாத்துட்டாங்க. யாரும் பச்சத் தண்ணி குடிக்காதீங்க. கொதிக்க வச்சிக் குடிங்க. கைக்குழந்தைங்களுக்கு அந்தத் தண்ணியே வாணாம்."

மைக் நின்றது. கரகரப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆசியா மூச்சை அடக்கிக்கொண்டாள். தெருவுக்குக் கிளம்பிய ஜெயசுதாவும் வாசலிலேயே நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் ஒண்ணு." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "என் ஐஸும் அதே தண்ணியில பண்ணதுதான். அதுவும் கெட்டதுதான். வாங்கி வச்சிருந்தா கொட்டிடுங்க. துன்ன புள்ளைங்களப் பெத்தவங்க என்னய மன்னிச்சிக்குங்க. தண்ணி சரியாவற வரைக்கும் கம்பெனி ஓடாது."

ஆசியா அச்சைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஜெயசுதா புடவையைச் செருகிக்கொண்டு, அடுத்த வரிசை அச்சைத் தூக்க இன்னொரு பக்கம் கை கொடுத்தாள்.

ஐஸை வீணாகக் கொட்டுகிறார்கள் என்ற சேதி மைக்கைவிட வேகமாகத் தெருப்பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. சாக்கடை ஓரத்தில் கூட்டம் கூடிவிட்டது. ஆசியா துடைப்பத்தை வைத்துக்கொண்டு ஒருத்தியாகப் போராடினாள். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் ஒருவன் சேமியா ஐஸைப் பொறுக்கினான். கடைசியில் அம்மாசி வந்து, டேங்கடியில் வீரியம் போய்க் கிடந்த பவுடர் மூட்டையை அப்படியே ஐஸ் குவியல் மேல் கவிழ்த்தார். "இத்துக்காவது உதவுச்சே!" என்றார்.

சாயங்காலத்துக்குள் ஊர் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டது. கிணற்று மேட்டு மாடுகளை அம்மாசி ஓட்டிப்போய்க் கிணறு இல்லாத புறம்போக்கில் கட்டினார். கோட்டைமலை அடிவாரக் கிணற்றுத் தண்ணீரை ஜெயசுதா சோதித்து, மஞ்சள் வராததைப் பார்த்துக் கைக்குழந்தைகளுக்கு மட்டும் அதைக் கொதிக்கவைத்துக் கொடுக்கச் சொன்னாள். ஊர் முழுக்கக் குடிக்க அதில் ஊறாது. பள்ளிவாசலில் கந்தூரிச் சோறு ஆக்குகிற பெரிய அண்டாக்கள் ஐஸ் கம்பெனி வாசலுக்கு வந்தன. விறகு எங்கே என்று யோசிப்பதற்குள் மறியலில் இருந்த பையன்கள் வெட்டிப்போட்ட புளியமரத்துக் கிளைகளை இழுத்துக்கொண்டு வந்து போட்டார்கள். அவர்களில் ஒருவன் சைக்கிளை மரங்களுக்கு மேலே தூக்கித் தூக்கிக் கடந்து கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் புதுப் பவுடர் கொண்டுவந்தான். டேங்கில் அதைப் போட்டதும் அம்மாசி மருந்தைச் சொட்டினார். சொட்டு விழுந்த இடத்திலேயே மஞ்சள் பூத்தது. அப்படியும் நிம்மதியாகாமல் இன்னொரு குழாயிலும் சொட்டிப் பார்த்தார். கிணற்றைத் துப்புரவாக இறைக்கிற வரை கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்று ஜெயசுதா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஆகவே அண்டா அடுப்புகள் அணையவில்லை. பஷீர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐஸ் அச்சுக்குப் பால் அளக்கிற சொம்பால் வெந்நீர் மொண்டு ஊற்றினார். முதலில் தயங்கித் தயங்கி வந்தார்கள். சிலர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கிழவர், "இத்தினி நாளு பேதியா வித்த?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். பஷீர் தலையைக் குனிந்துகொண்டு அவர் குடத்தை நிரப்பினார். அந்தக் கேள்விக்கும் சேர்த்துத்தான் அவர் மைக் பிடித்திருந்தார்.

வரிசையில் பச்சையம்மாள் வந்தாள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"இன்னா ஐஸ் பாயி, சுடுதண்ணி பாயா ஆயிட்ட? சேமியா போட்ட சுடுதண்ணி இருக்குதா?"

"இருக்குது. வாயத் தொற, ஊத்தறேன்."

"ஊத்து ஊத்து. எம்புள்ள கண்ணத் தொறந்து கஞ்சி கேட்டுட்டான். அந்தத் தெம்புல ரெண்டு குடமா ஊத்து."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சுடுதண்ணி பாய் என்று பின்னாலிருந்து யாரோ இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார்கள். பேர் சரியாகப் பொருந்திவிட்டது என்பது அந்த நிமிஷமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பஷீரும் சொம்பைப் பிடித்தபடி சிரித்தார். அன்றைக்கு முழுக்க இறுகிக்கிடந்த அவர் தோள் தளர்வதை அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த ஆசியா பார்த்தாள்.

வரிசையின் கடைசியில் ஜெயசுதா நின்றிருந்தாள். முன்னால் போகச் சொல்லிப் பலபேர் கூப்பிட்டும் அவள் போகவில்லை. தன் முறை வந்ததும் ஒரு தம்ளர் வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள். ஆவி அடங்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு மலைச்சுனையில் குனிந்து குடிக்கிறவள் மாதிரி, கண்ணை மூடி மெதுவாகக் குடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க பாய்," என்றாள்.